ஒருத்தனே ஜெயித்தால் எப்படி?

கேள்வி: ஞாயிறுதோறும் மாடியில் நாலு பேர் கட்டான் (Catan) என்ற பலகை விளையாட்டு ஆடுகிறோம். ஆறு மாதமாக ஒருத்தனே ஜெயிக்கிறான், மற்ற இருவரும் சாக்கு சொல்லி நழுவுகிறார்கள். என்ன செய்ய?
- வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: அவன் கெட்டிக்காரன்தான், ஆனால் நீங்களும் விட்டுக்கொடுக்கிறீர்கள். 1995-ல் ஜெர்மனியில் வெளிவந்த இந்த ஆட்டத்தில் பாதி பண்டமாற்றுதான், 10 புள்ளி தொட்டால் முடிந்தது, அப்படியிருக்க 8 புள்ளியில் நிற்கிறவனிடம் போய் ‘சரி, எடுத்துக்கோடா’ என்று செங்கல் சீட்டைக் கொடுப்பது யார்? அவன் முதல் வீட்டை எங்கே வைக்கிறான் என்று கவனியுங்கள். பெரும்பாலும் 6, 8 எண் போட்ட நிலங்களின் ஓரமாகத்தான் இருக்கும், பகடையில் அந்த எண் விழுந்தால்தானே அந்த நிலம் சரக்குத் தரும். இரண்டு பகடை உருட்டினால் வரும் 36 விதத்தில் அவை ஒவ்வொன்றும் 5 விதமாக விழும், 12 ஒரே விதம். 7 விழுந்தால், நிலத்தின் சரக்கைத் தடுக்கும் திருடன் காயை அவன் நிலத்திலேயே வையுங்கள், நட்பெல்லாம் அப்புறம். நடுவில் ஒரு வாரம் பேண்டமிக் ஆடுங்கள், அதில் ஜெயித்தாலும் தோற்றாலும் எல்லோரும் சேர்ந்துதான்.

இன்னொன்று, தட்டுவடை செட்டை ஆட்டம் முடிந்தபின் வாங்குங்கள். என் கோதுமைச் சீட்டு ஒன்றின் முதுகில் பச்சைச் சட்னிக் கறை, அது யார் கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.