புகார் கொடுக்க முடியாத அப்பா: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

'எ பெட்டர் லைஃப்' படம் பார்த்தேன். எல்லை தாண்டி வந்து லாஸ் ஏஞ்சல்ஸில் தோட்ட வேலை பார்க்கும் மெக்ஸிகோ அப்பா, அவரை மதிக்காத மகன். சகோதரியிடம் கடன் வாங்கி எடுத்த டிரக் களவு போக, இருவரும் தேடி அலைகிறார்கள். கடைசியில் அப்பாவை நாட்டை விட்டு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு முறை பார்த்து இரண்டு முறையும் அழுதேன்.

இதையே தாராவியில் வைத்து 25 நிமிடக் குறும்படம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து சைக்கிளில் இட்லி விற்பவர். சைக்கிள் திருடு போகிறது. மகன் ரவுடிகளோடு சுற்றுகிறவன். முடிவில் போலீஸ் அப்பாவை ஊருக்கு ரயில் ஏற்றிவிடுகிறது. 'பைசிக்கிள் தீவ்ஸ் காப்பி' என்கிறான் நண்பன். உங்கள் கருத்து? மகன் அப்பாவிடம் எந்த மொழியில் பேசலாம் என்பதிலும் குழப்பம்.

செ., சயான் கோலிவாடா

அன்புள்ள செ.,

நண்பர் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிழைப்புக்கான வண்டி, திருட்டு, கூடவே அலையும் பையன்: 1948-இல் டி சிகா 'பைசிக்கிள் தீவ்ஸ்' எடுத்த இந்த அச்சில்தான் 2011-இல் 'எ பெட்டர் லைஃப்' இயக்குநர் கிறிஸ் வைட்ஸும் வார்த்திருக்கிறார். விமர்சகர்களும் அன்றே அதைச் சொல்லிவிட்டார்கள். அச்சு யாருக்கும் சொந்தமில்லை. உங்கள் கதையில் உதைப்பது வேறு இடம்.

ரோமில் சைக்கிளைப் பறிகொடுத்தவர் நேராகப் போலீஸுக்குப் போகிறார். அவர்கள் எழுதி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் அப்பா கார்லோஸ் போலீஸ் பக்கம் தலைவைத்தே படுக்க முடியாது. அந்த ஒரு மாற்றத்தால்தான் படம் நகல் ஆகாமல் தப்பித்தது. பனைபோல் உயர்ந்த மரத்தின் உச்சியில் இடுப்புப் பட்டையோடு அவர் தொங்கிக்கொண்டிருக்க, கீழே டிரக் கிளம்பும் காட்சியை நினைத்துப் பாருங்கள். இறங்கி ஓடுகிறார், கத்துகிறார். வேறு யாராக இருந்தாலும் அடுத்த நிமிடம் போனை எடுப்பார்கள். இவருக்கு அந்த வழி இல்லை. மீதிப் படம் முழுக்க இந்த அடைப்பிலிருந்துதான் கிளம்புகிறது.

அடைப்பு திரைக்கதைக்காரர் கற்பனையும் அல்ல. தங்கும் உரிமை இல்லாதவருக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடையாது என்று 1990-களில் கலிஃபோர்னியா சட்டம் போட்டது. 2013-இல் சட்டத்தை மாற்றி 2015 ஜனவரியிலிருந்துதான் மறுபடி கொடுக்கிறார்கள். ஆக, படம் வந்த காலத்தில் டிரக் இல்லாவிட்டால் அவர் கடைசி வரை இன்னொருவரிடம் கூலிதான். டிரக் வாங்கினாலோ, ஒவ்வொரு சிக்னலிலும் மாட்டிக்கொள்ளலாம். வாங்கும்போதே அவருக்கு இது தெரியும். முடிவிலும் அப்படித்தான். அங்கே பிறந்த பிள்ளையாகவே இருந்தாலும் 21 வயதுக்கு முன் அப்பாவுக்காக விண்ணப்பிக்க முடியாது. 1996 சட்டப்படி, ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றித் தங்கியவர் வெளியேறினால் 10 ஆண்டு திரும்ப வரத் தடை. இவ்வளவும் படத்தில் வசனமாக வருவதில்லை. ஆனால் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது என்பது, கார்லோஸ் மறுபடி எல்லையை நோக்கி நடக்கும்போது நமக்குப் புரிகிறது.

இப்போது உங்கள் இட்லிக்காரரிடம் வருவோம். அவர் இந்தியக் குடிமகன். சைக்கிள் களவு போனால் தாராவி ஸ்டேஷனுக்குப் போகலாம். அலைக்கழிப்பார்கள், அது வேறு. போனால் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு இருக்க நியாயமில்லை. 'ரயில் ஏற்றிவிடுகிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள்; எந்தச் சட்டத்தில்? மும்பையில் தமிழனை விரட்டு என்று 1960-களில் கோஷம் போட்டார்கள், அடித்தார்கள். அந்தப் பழைய பயத்தை 2020-களின் கதையில் போலீஸ் நடவடிக்கையாக வைத்தால், 90 அடி சாலையில் நிற்கும் எந்த வியாபாரியும் சிரித்துவிடுவார்.

திருட்டை எடுத்துவிடுங்கள். மும்பையில் இட்லி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போவது முனிசிபாலிட்டி வண்டி. அதை வைத்து எழுதினால் கதை தானாக ஊருக்குள் இறங்கும். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம் என்ன சொல்கிறது என்று படித்துவிடுங்கள்: பறிமுதல் செய்த பொருளுக்குக் கையெழுத்திட்ட பட்டியல் கொடுக்க வேண்டும், கேட்டு வந்தால் கெடாத பொருளை இரண்டு வேலை நாளுக்குள்ளும், கெடும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். காலை ஏழரைக்குத் தூக்கிய இட்லி 'அன்றைக்கே' சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பி வந்தால் என்ன ஆகும்? சட்டத்தை ஒரு எழுத்து மீறாமலேயே ஒரு மனிதனின் நாள் காலி. வில்லனே தேவையில்லை.

இதை உணர்த்தக் கணக்கு வேண்டும். கார்லோஸின் டிரக் எவ்வளவு, யார் பணம், போனால் யார் வீட்டில் இடிக்கும் என்பதெல்லாம் பார்வையாளருக்குத் தெரிந்துவிடுகிறது. உங்கள் ஸ்கிரிப்டில் 'கடன் வாங்கினார்' என்று ஒரே வரி. 200 இட்லிக்கு ஏறக்குறைய 4 கிலோ இட்லி அரிசி, 1 கிலோ உளுந்து. வெந்த இட்லி மட்டும் 10 கிலோ. சாம்பார் 8 லிட்டர், சட்னி 4 லிட்டர், தூக்குகளும் அலுமினிய டப்பாவும் சேர்ந்தால் கேரியரில் 30 கிலோ ஏறும். சாதாரண சைடு ஸ்டாண்டில் அந்தச் சைக்கிள் நிற்காது, சாய்ந்துவிடும். இரட்டை ஸ்டாண்டும் தடித்த கம்பி வைத்துப் பற்றவைத்த கேரியரும் வேண்டும். நடிகரை வெறும் டப்பாவோடு ஓட்டவிடாதீர்கள். பாரம் இல்லாத சைக்கிள் திரும்பும் விதமே வேறு. கேமரா அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பிளேட்டுக்கு 4 இட்லி, 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முழுச் சரக்கும் விற்றால் 1,500 கைக்கு வரும். அரிசி, உளுந்து, தேங்காய், கேஸ், வட்டி எல்லாம் அதிலிருந்துதான். மே மாத வெயிலில் தேங்காய்ச் சட்னி பத்தரை, பதினொன்றுக்கே வாடை தட்டும். படத்துக்கு ஒரு கடிகாரம் இலவசமாகக் கிடைக்கிறது. மகனை அந்த நேரத்துக்குள் ஓடவிடுங்கள்.

அப்பா ஏன் உடனே போய் வண்டியை மீட்கவில்லை என்பதற்கும் காரணம் தாராவிக்குள்ளேயே இருக்கிறது. மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததாகக் காட்ட முடிந்தவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி இலவசம். அதற்குப் பின் 2011 தொடக்கம் வரை வந்தவருக்குப் பணம் கட்டி, தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. மாடியில் இருப்பவர்களும் வெளியேதான், முதலில் வாடகைக்கு. உங்கள் அப்பா எங்கே குடியிருக்கிறார்? ஸ்கிரிப்டில் 'சிறிய அறை' என்று மட்டும் இருக்கிறது. இரும்பு ஏணி ஏறிப் போகும் மாடிக் கோலியில் (ஒற்றை அறையில்) வாடகைக்கு வையுங்கள். 'இந்த விலாசத்தை எங்கேயும் கொடுத்துடாதே' என்று கீழ்வீட்டுச் சொந்தக்காரர் ஏற்கெனவே சொல்லியிருக்கட்டும். அவருக்கு அவர் கவலை. இப்போது முனிசிபாலிட்டி கவுண்டரில் விலாசம் எழுதச் சொன்னால் அப்பா கை நிற்கும். கொடுத்தால் கோலி போகும், ஊர் விலாசத்தைக் கொடுத்தால் தாராவியில் இருந்ததற்குத் தன் கையாலேயே எதிர்ச்சாட்சி எழுதியதாக ஆகும். அபராதச் சீட்டைக்கூட பாவ்தி என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு வருஷக்கணக்கில் பத்திரப்படுத்தும் ஊர் இது. தேதியோடு பெயர் இருக்கும் எந்தத் தாளும் நாளைக்கு உதவும். சைக்கிளை விட அந்தச் சீட்டு பெரிது என்று மகன் முதலில் புரிந்துகொள்கிறானா, அப்பாவா? இதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். நாடு கடத்துவதற்குச் சமமான ஒன்று உங்களுக்கு வேண்டுமென்றால், தாராவிக்கு வெளியே அனுப்புவதுதான் அது.

ரவுடிக் கூட்டத்தை வெட்டிவிடலாம். மூலப்படத்திலேயே பலவீனமான பகுதி அதுதான். காவலில் இருக்கும் அப்பா மகனிடம் நீளமாக மனம் திறக்கும் காட்சியும் எனக்கு உவப்பில்லை. கார்லோஸாக வரும் டெமியன் பிச்சிர் நடிப்பால் தாங்குகிறது. அதற்குத்தான் ஆஸ்கர் பரிந்துரை என்று சொல்பவர்கள் உண்டு. டிரக்கைத் திருடியவனை மகன் அடிக்கும்போது அப்பா தடுக்கிறாரே, அந்த இடத்துக்குத்தான் என் ஓட்டு. டிரக்கை விற்ற பணத்தை அவன் ஊரிலுள்ள குடும்பத்துக்கு அனுப்பிவிட்டான். அப்பாவுக்கு அது புரிகிறது, மகனுக்கு அப்பாவின் மேல்தான் ஆத்திரம் வருகிறது. 25 நிமிடத்தில் இவ்வளவு செய்தாலே போதும். மகன் திருந்த வேண்டாம். அதற்கு நேரமும் இல்லை.

மொழியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்பா திருநெல்வேலித் தமிழ், மகன் பதில் ஹிந்தியில். வீட்டில் யாரும் இதைக் கவனிப்பதே இல்லை என்பதுபோல் எடுங்கள். கவுண்டரில் மட்டும் படிவம் மராத்தியில் இருக்கும். அதைப் பையன்தான் நிரப்புவான். அப்பா விலாசத்தைத் தமிழில் சொல்ல, பையன் என்ன எழுதினான் என்று அவருக்குப் படிக்கத் தெரியாது. வெளியூர்த் திரையிடலுக்கு சப்டைட்டில் போடும்போது அந்தப் படிவத்தில் எழுதியதை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டுவிடுங்கள். மராத்தி தெரிந்தவன் பார்த்துக்கொள்வான்.