வாசலுக்குக் கரும்பா, நாணலா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (கோபிசெட்டிபாளையம் வாசகி): புது வீட்டுக்குக் கிழக்குச் சுவரை ஒட்டி 12 அடி நீளத்துக்கு இடம் விட்டிருக்கோமுங்க. நல்லா வெயில் விழும். பொங்கல் கரும்பு வைக்கலாம்னு எனக்கு ஆசை. வெள்ளிப் பூ பூக்கிற நாணல்தான் அழகு, ரெண்டும் ஒரே குடும்பம்னு நாற்றுப்பண்ணையில சொல்றாங்க. எதை வைக்கிறதுங்க?

பதில்: நாற்றுப்பண்ணையில் சொன்னது சரி. இரண்டும் சாக்கரம் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அந்த உறவை உலகுக்குப் பயன்படுத்திக் காட்டிய ஊரும் நம் கோயம்புத்தூர்தான். 1912-இல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. அந்த நிலையத்தின் விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்ற தடிக்கரும்பைக் கோவைப் பக்கத்துக் காட்டு நாணலோடு இனக்கலப்புச் செய்தார்கள். அதில் கிடைத்த கோ 205 இரகம் 1918-இல் வெளியானது. இனிப்பு கரும்பிலிருந்து வந்தது. வறட்சி தாங்கும் திறனும் தூர் கட்டும் வலுவும் நாணலிலிருந்து வந்தன. இன்று ஆலைக்குப் போகும் இரகங்களின் மரபுப் பொருளில் 10 முதல் 20 விழுக்காடு நாணலுடையது.

பொங்கலுக்கு வாங்கும் செங்கரும்பு இந்தக் கலப்பில் வந்ததல்ல, பழைய தடிக்கரும்பு வகை. அதனால்தான் கடிக்க மெதுவாகவும் சாறாகவும் இருக்கிறது. அதனால்தான் தண்ணீரும் எருவும் குறைந்தால் உடனே சுணங்குகிறது. நாணல் நேரெதிர். தண்டு விரல் தடிமன்கூட இராது, உள்ளே நெட்டி, கடித்தால் சப்பென்று இருக்கும். கரும்பின் தோகை மூன்று நான்கு விரல் அகலம். நாணலின் தோகை நீண்ட நாடாபோல ஒடுங்கியிருக்கும். இரண்டின் ஓரமும் கையை அறுக்கும். கரும்பில் தோகையின் அடிப்பகுதியில் சுணையும் உண்டு. பிள்ளைகள் ஓடியாடும் நடைபாதையிலிருந்து இரண்டையும் 3 அடியாவது தள்ளி வையுங்கள்.

ஆனால் பெரிய வேறுபாடு மண்ணுக்கடியில் இருக்கிறது. கரும்பு வைத்த இடத்தில் தூராக நிற்கும். நாணல் கிழங்குத் தண்டு விட்டு நாலாபுறமும் ஓடும். போதாததற்குப் பஞ்சு விதையைக் காற்றிலும் அனுப்பும். பனாமா கால்வாய்ப் பகுதியில் காடு மீண்டும் முளைக்க விடாமல் பரவி நிற்பது இந்த நாணல்தான்.

உங்கள் ஊரில் வாய்க்கால் பாசனம், சுற்றிலும் வயல். கரும்பே வையுங்கள். கரும்பைத் தாக்கும் கரிப்பூட்டை என்ற பூஞ்சை நோய்க்கும் நாணல் இடம் கொடுக்கும். பக்கத்துக் கரும்புத் தோட்டக்காரருக்கு அது நல்லதல்ல.

பொங்கல் முடிந்ததும் தை, மாசியில் நடலாம். வாங்கிய கரும்பின் மேல் பாதியை மட்டும் எடுங்கள். அடிக்கணுக்களில் பரு (முளை கிளம்பும் மொட்டு) முற்றியிருக்கும், முளைப்பு குறையும். கூரான கொடுவாளால் ஒரே வெட்டாக இரு பரு உள்ள கரணைகளாக நறுக்குங்கள். நசுங்கிய முனை வழியாகத்தான் அழுகல் ஏறும். உள்ளே சிவந்திருந்தால் அந்தக் கரும்பு முழுவதையும் ஒதுக்குங்கள், அது செவ்வழுகல் நோய். லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த நீரில் 15 நிமிடம் ஊறவைத்து எடுங்கள்.

சுவரிலிருந்து 3 அடி தள்ளி முக்கால் அடி ஆழத்துக்குச் சால் பறித்து, மீட்டருக்கு 3 கிலோ மக்கிய தொழுவுரம் போட்டுக் கலக்குங்கள். அடிக்கு ஒரு கரணை போதும். 12 அடிக்குப் பன்னிரண்டு, வெற்றிடம் நிரப்ப ஓரமாக இன்னும் மூன்று. பரு பக்கவாட்டில் பார்க்கும்படி படுக்க வைத்து, இரண்டு விரல்கடை மண் மட்டும் மூடுங்கள். சால் நிறைய மண்ணைத் தள்ளிவிட்டு “முளைக்கவே இல்லை” என்பவர்கள் அதிகம். மீதி மண் பின்னால் அணைப்பதற்கு.

மூன்று வாரத்தில் முளை தெரியும். 30, 60, 90-ஆம் நாள்களில் வரிசையின் ஒவ்வொரு மீட்டருக்கும் 18 கிராம் யூரியா, 6 கிராம் பொட்டாஷ். தொண்ணூறாம் நாள் உரத்தோடு மண்ணை அணைத்துவிடுங்கள். ஐந்தாம் மாதம் இன்னொரு முறை. கோடையில் இந்த 12 அடி வரிசைக்கு நாளுக்கு 20 முதல் 25 லிட்டர் தண்ணீர் வேண்டும். துணி துவைத்த தண்ணீரைத் திருப்பிவிடாதீர்கள், சோப்பில் உள்ள சோடியம் மண்ணை இறுக்கிவிடும்.

முதல் மூன்று மாதத்தில் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்து நாற்றமடித்தால் அது இளங்குருத்துப்புழு. குருத்து காய்ந்த அந்த முளையை மண் மட்டத்தில் அறுத்து எரியுங்கள். நட்ட மூன்றாம் நாளே சால் மேல் சோகையை (காய்ந்த கரும்புத் தோகை) பரப்பி வைத்தால் இது பெருமளவு குறையும்.

ஆடிக்காற்றுக்குக் கரும்பு சாயும். நான்கைந்து கரும்பாகச் சேர்த்து அதன் சோகையாலேயே விட்டம் கட்டுங்கள். ஐந்தாம், ஏழாம் மாதங்களில் காய்ந்த சோகையை உரித்து அகற்றுவதை விட்டுவிட வேண்டாம். அடைந்து கிடந்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். பத்து, பதினொரு மாதத்தில் மண் மட்டத்தோடு வெட்டினால், அதே தூரிலிருந்து மறுபடி வரும் கட்டைக்கரும்பு நன்றாகத் தழையும். மேலே கட்டை விட்டு வெட்டினால் முளை உயரத்தில் கிளம்பி வேர் பிடிக்காமல் சாயும்.

கேள்வி (பெருந்துறை வாசகர்): வீட்டுக் கரும்புல புதுத் தோகையெல்லாம் வெளுத்துப் போகுதுங்க. யூரியா போட்டும் பச்சை திரும்பல.

பதில்: யூரியா பற்றாக்குறை என்றால் கீழ்த்தோகைகள்தான் முதலில் மஞ்சளாகும். புதுத் தோகை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக்கோடாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. நம் பகுதியில் பல இடங்களில் தோண்டினாலே சுண்ணாம்புக் கல் கிடைக்கும். அந்த மண்ணில் இரும்பு இருந்தும் கரையாமல் பூட்டிக்கொள்ளும். வேர் எடுக்க முடியாது. புது வீடென்றால் கட்டட வேலையில் சிந்திய சிமெண்ட், சுண்ணாம்பையும் பாருங்கள். அதை ஓரடி ஆழம் தோண்டி எடுத்துவிட வேண்டும்.

லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 10 கிராம் யூரியாவும் கரைத்து மாலையில் தோகை நனையத் தெளியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக மூன்று தடவை. கரைசலை அன்றன்றே கலக்க வேண்டும். வைத்திருந்தால் துருநிறமாகிப் பயனற்றுப் போகும். அன்னபேதியை இந்த மண்ணில் வெறுமனே தூவினால் அதுவும் பூட்டிக்கொள்ளும். தொழுவுரத்தோடு கலந்து சில நாள் ஈரமாக வைத்திருந்து வேர்ப்பக்கம் இடுங்கள்.

கேள்வி (காங்கேயம் வாசகர்): நொய்யல் ஓரத்துல இருந்து நாணல் தூர் கொண்டு வந்து வெச்சனுங்க. இப்ப புல்தரை பூராவும் முளைக்குது. எப்படி ஒழிக்கிறது?

பதில்: மேலே அறுத்துக்கொண்டே இருந்தால் ஒழியாது. மண் ஈரமாக இருக்கும்போது மம்முட்டியால் ஒன்றரை அடி ஆழம் கிளறிக் கிழங்குத் தண்டுகளைப் பொறுக்குங்கள். ஒரு கணு மிஞ்சினாலும் முளைக்கும். எடுத்ததை எருக்குழியில் போடாமல், வெயிலில் சருகாகக் காயவைத்து எரியுங்கள். புல்தரையில் தனித்தனியாக வருவதைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பிடுங்க வேண்டும். அது தோகை விரித்துக் கிழங்குக்கு உணவு அனுப்புவதற்குள் பிடுங்குவதே முக்கியம்.

பூவுக்காக ஒரு தூரை மட்டும் வைத்துக்கொள்ள விரும்பினால், கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை, 3 அடி விட்டம் 2 அடி உயரத்தில் ஒன்றை வாங்கிப் புதையுங்கள். விளிம்பு மண்ணுக்கு மேல் நான்கு விரல் தெரியட்டும். இல்லையென்றால் மேலேறித் தாண்டும். எரு போடாதீர்கள். கொழுத்தால் சாயும், மெலிந்த மண்ணில்தான் நிமிர்ந்து நிற்கும். பூங்கதிர் வெள்ளிநிறமாக விரிந்த பின், பஞ்சு உதிரத் தொடங்குமுன் நறுக்கிவிடுங்கள். ஜாடியில் வைக்க அதுதான் ஏற்ற பருவமும்கூட. தை மாதம் தூரை ஒரு சாண் உயரத்துக்கு அறுத்தால் புதுத் தோகை சீராக வரும்.

நாணலை எடுத்த இடத்தில் கரும்பு வைக்கும் யோசனை இருந்தால், உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்த உப்பின் அளவு (டிடிஎஸ்) 1000-ஐத் தாண்டினால் அதை விடுங்கள். கணு நெருங்கிக் குட்டையாகும்.

கேள்வி (அவினாசி வாசகி): கடையில சிவப்புத் தோகைப் புல்லு, பாம்பாஸ், கரும்பு மாதிரியே வெள்ளைக் கோடு போட்ட செடின்னு மூணு விக்கிறாங்க. இதெல்லாம் கரும்புக்குச் சொந்தமுங்களா?

பதில்: சிவப்புத் தோகைப் புல் கம்புக்கு நெருங்கிய சொந்தம், கரும்புக்குத் தூரத்து உறவு. கரும்புபோல உயராது. சிறிய வாசலுக்கு எங்கள் முதல் தேர்வு அதுதான். ஆண்டுக்கொருமுறை அரையடி விட்டு அறுத்தால் போதும். பாம்பாஸ் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, நம் சமவெளி வெயிலில் பூப்பது அரிது. வெள்ளைக் கோடு போட்டது பெரும்பாலும் கொறுக்கை வகை, நாணலைப்போலவே ஓடும். தொட்டியைத் தாண்டி வைக்க வேண்டாம்.

கரும்பின் உண்மையான சொந்தங்கள் சோளம், மக்காச்சோளம், எலுமிச்சைப்புல், வெட்டிவேர். வேலியாக நிற்க வேண்டும், பரவக் கூடாது என்றால் விதை பிடிக்காத தென்னிந்திய வெட்டிவேர் வகையை அரையடிக்கு ஒரு தூராக வையுங்கள். வேர் பக்கவாட்டில் ஓடாமல் ஆளுயரத்துக்கும் மேல் நேர்கீழே இறங்கும். மழையில் வாசல் மண் அரிக்காது.

கேள்வி (உடுமலை வாசகர்): போன வருசம் கார்த்திகையில வீட்டுக் கரும்பு பூத்துதுங்க. வெட்டினா நடுவுல நெட்டியா இருந்துச்சு. ஏனுங்க?

பதில்: நீங்கள் வைத்தது செங்கரும்பாக இராது, ஆலைக்கரும்பாக இருக்கும். ஆவணி, புரட்டாசியில் பகல் நீளம் பன்னிரண்டரை மணி நேரத்தை ஒட்டிக் குறையும்போது நுனிக்குருத்து பூவாக மாறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கதிர் வெளியே வரும். பூத்த கரும்பு அதன்பின் வளராது. நாளாக ஆகச் சர்க்கரை குறைந்து, மேலிருந்து நெட்டியாகும். கதிர் தெரிந்தவுடன் ஒரு மாதத்துக்குள் வெட்டிப் பயன்படுத்துங்கள். அடுத்த முறை செங்கரும்பு வைத்தால் பூ அவ்வளவாக வராது.