பாட்டு வகுப்பில் ‘ஐந்தரைக் கட்டை’ என்றால் என்ன?

காரைக்குடியில் மகளைப் பாட்டு வகுப்பில் சேர்த்த ஆச்சி, கட்டை, எடுப்பு என்றால் என்னவென்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏழு சுரங்களில் முதலாவது ‘ச’. பாடுகிறவர் ஆதாரமாக வைத்துக்கொள்ளும் அந்த ‘ச’தான் சுருதி. அதன் உயரத்தைச் சொல்வது கட்டை. ஆர்மோனியத்தில் ‘சி’ என்னும் வெள்ளைக் கட்டை 1. அதையடுத்த கறுப்பு ஒன்றரை. அடுத்த வெள்ளை 2. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்பு இல்லை, அதனால் மூன்றரைக் கட்டையே கிடையாது! பெண்களுக்குப் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரை ஒத்துவரும். ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கட்டைக்கு உங்கள் மகளை இழுக்காதீர்கள், தொண்டை கட்டிக்கொள்ளும்.

பாட்டு தாளத்தின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதுதான் எடுப்பு. ஆதி தாளம் 8 எண்ணிக்கை. முதல் தட்டோடு பாட்டு தொடங்கினால் சம எடுப்பு; தட்டுக்குப் பின் என்றால் அநாகதம், முன்பே என்றால் அதீதம்.

கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் தமிழிசைக்காக நின்ற சீமையாயிற்றே, ‘ச’வுக்குக் குரல், ‘ப’வுக்கு இளி என்ற பழைய பெயர்களையும் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்.