ஈறுல ரத்தம் வந்தா ப்ளூ லைட் அடிச்சா நின்னுருமா?

லோயர் கேம்ப்ல இருந்து ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்திக்கிட்டு தினமும் குமுளி மலை ஏறுற ஜீப் டிரைவர் தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார்: "டாக்டர், ஆறு மாசமா பல்லு வெளக்குறப்ப ரத்தம் வருது, வாய் நாத்தமும் இருக்கு. குமுளில ஒரு கிளினிக்ல காட்டுனேன், மோணரோகம், லைட் வச்சு கிருமிய கொன்னுரலாம்னாங்க. போன்ல வேற வாய்ல மாட்டிக்கிற ப்ளூ லைட் மெஷின் விளம்பரமா வருது, 2,400 ரூவாதான். அத வாங்கி நானும், சுகர் இருக்குற எங்க அம்மாவும் வீட்லயே அடிச்சுக்கலாமா?"

முதல்ல பயப்படாதீங்க தம்பி, மோணன்னா மலையாளத்துல நம்ம எகிறுதான், அதாவது ஈறு, ஏதோ புது வியாதின்னு நெனச்சுராதீங்க.

லைட்டுல கிருமி சாகுமான்னா சாகும், அது டுபாக்கூர் இல்ல. 1900-லயே ஜெர்மனில மியூனிக்ல ஆஸ்கர் ராப்னு ஒரு மாணவர், சாயம் கலந்த தண்ணில இருந்த ஒத்தை செல் உயிருங்க வெளிச்சம் பட்டா சட்டுனு சாகுறத பாத்துட்டார். இப்ப நாங்க பண்றதும் அதே கதைதான். மெத்திலீன் ப்ளூன்னு ஒரு நீலச் சாயத்த மொட்ட ஊசில எகிறுக்கும் பல்லுக்கும் நடுவுல விட்டு, கொஞ்ச நேரம் ஊற வச்சு, 660 நானோமீட்டர் (வெளிச்சத்தோட அலைநீளத்த சொல்ற அளவு) சிவப்பு லைட்ட அடிப்போம். சாயம் அந்த வெளிச்சத்த குடிச்சுட்டு பக்கத்துல இருக்குற ஆக்சிஜன முறுக்கி விட்டுரும், அது கிருமியோட தோல பொசுக்கிரும். அப்புறம் நீங்க துப்புனா பேசினே நீலமா இருக்கும், சில பேரு பதறிருவாங்க.

ப்ளூ லைட்டுக்கு சாயம் கூட தேவையில்ல, ஆனா எல்லாக் கிருமிக்கும் இல்ல. எகிற அரிக்கிறதுல போர்ஃபைரோமோனாஸ்னு ஒருத்தன் இருக்கான், உங்க எகிறுல கசியுற ரத்தம்தான் அவனுக்கு சோறு, அந்த ரத்தத்துல இருந்து எடுக்குற இரும்புச் சத்த வச்சு உடம்பெல்லாம் கருப்பா நெறம் ஏத்தி வச்சுக்குவான். அந்த நெறத்துல இருக்குற போர்ஃபைரின் 405 நானோமீட்டர் பக்கத்துல வர்ற வெளிச்சத்த இழுக்கும், அவன் சேத்து வச்சதே அவனுக்கு வெனையா போயிரும்.

இவ்ளோ நல்லா இருந்தும் நான் ஏன் உடனே லைட்ட எடுக்க மாட்டேங்குறேன்னா, உங்க வாய்ல கிருமி தனியா உக்காந்திருக்காது. போர் தண்ணி காய்ச்சுற ஹீட்டர் ராடுல உப்பு ஏறி கல்லாயிருக்கும்ல, அந்த மாதிரி பல்லுல காரை கட்டியிருக்கும், அதுலயும் கீழ்வரிச முன்பல்லுக்கு உள்பக்கம் எச்சில் சுரக்குற எடம், அங்கதான் கெட்டியா புடிக்கும். போன வாரம் ஒருத்தருக்கு எடுத்தேன், அரிசி சைஸ்ல கருப்பா ட்ரேல டங்குனு விழுந்துச்சு, பல்லே ஒடஞ்சு போச்சுன்னு சண்டைக்கு வந்துட்டார். அந்தக் கல்லுக்குள்ள எந்த வெளிச்சம் போகும்? இன்னொன்னு, எகிறு பல்ல விட்டு விலகி நடுவுல விழுற ஆழமான குழில ஆக்சிஜனும் கம்மி, ஆக்சிஜன் இல்லன்னா சாயமும் லைட்டும் சும்மாதான். 2020-ல ஐரோப்பிய ஈறு டாக்டருங்க சங்கம் போட்ட வழிகாட்டுதல்லயே, க்ளீனிங் கூட சேத்து இந்த லைட் அடிக்கிறத பரிந்துரைக்கலன்னு சொல்லிட்டாங்க. தப்புன்னு இல்ல, குடுக்குற காசுக்கு ஏத்த பலன் உறுதியா தெரியலன்னு அர்த்தம்.

அந்த 2,400 ரூவா மெஷின்? பெட்டில எத்தனை நானோமீட்டர்னு போட்டிருக்கான்னு பாருங்க. இந்த மாதிரி விக்கிறதுல பாதிக்கு மேல பல்லு வெள்ளையாக்குற கிட்டு கூட வர்ற லைட்டுதான், இது என் அனுபவம். நம்பர் இல்லன்னா அது டார்ச் லைட்டுதான் தம்பி. ஒழுங்கா பண்ணுன வீட்டு மெஷினும் இருக்கு, வாய் கொப்புளிக்க சாய மாத்திரையோட வரும், அதுவும் சுத்தமான பல்லுலதான் வேலை செய்யும். சாயத்துலயும் கவனம் வேணும், ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணு சீக்கிரம் ஒடையுற பரம்பரைக் குறை) இருக்குறவங்களுக்கு மெத்திலீன் ப்ளூ ஆகாது, அயோடின் அலர்ஜி இருந்தா இண்டோசயனின் க்ரீன்னு இன்னொரு பச்சைச் சாயம் இருக்கு, அது ஆகாது.

அதனால மொதல்ல ஸ்கேலிங், அதாவது காரைய எடுக்குற க்ளீனிங் பண்ணிக்கங்க. க்ளீன் பண்ணுனா பல்லு ஆடும்னு சொல்றத நம்பாதீங்க, ஏற்கனவே ஆடுற பல்ல காரை முட்டுக் குடுத்து நிறுத்தியிருக்கும், அத எடுத்ததும் ஆட்டம் வெளிய தெரியும், அவ்ளோதான். குழி எத்தனை மில்லிமீட்டர் ஆழம்னு டாக்டர அளக்கச் சொல்லுங்க, 3 வரைக்கும் பரவால்ல, 4-ஓ அதுக்கு மேலயோன்னா அடிவேர் வரைக்கும் சுரண்டணும். அதுக்கப்புறமும் ஒரு ரெண்டு எடத்துல கசிஞ்சா அப்ப லைட்ட பத்தி பேசலாம்.

அம்மா கதை வேற. சுகர் ஏறுனா எகிறு கெடும், எகிறு கெட்டா சுகர் எறங்க மாட்டேங்கும், ரெண்டும் ஒன்ன ஒன்னு இழுத்துக்கும். அவங்கள தள்ளிப் போடாம, HbA1c (மூணு மாச சராசரி சுகர்) ரிப்போர்ட்டோட உங்களுக்கு முன்னாடியே கூட்டிட்டுப் போங்க.

விடியக்காலைல ஜீப் எடுக்குற அவசரத்துல நீங்க எப்படி பல்லு வெளக்குவீங்கன்னு எனக்குத் தெரியும், அத விடுங்க, ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ பிரஷ்ஷ எகிறு ஓரத்துல சாச்சு வச்சு பொறுமையா வெளக்குங்க, சந்துக்கு குட்டி பிரஷ் மெடிக்கல்லயே கெடைக்கும். மொத ஒரு வாரம் ரத்தம் வரும், வந்தாலும் நிறுத்தாதீங்க.