தாத்தா பதில்கள்: கூட்டாளிமார்

கேள்வி: ஐயா, மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். மூத்தவனுக்கு 18 வயது. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறியதிலிருந்து சந்தி ஆட்டோ ஸ்டாண்டே கதி என்று கிடக்கிறான். அங்குள்ள பையன்களோடு சேர்ந்து பாபுல் (புகையிலை கலந்த பாக்கு) போடுகிறான், குடிப்பதாகவும் சொல்கிறார்கள். அவர்களிடமிருந்து அவனைப் பிரிப்பது எப்படி?
- ஒரு தாய்

பதில்: பிரிக்க முடியாது தங்கச்சி. என் அப்பா கவ்வாத்துக் கத்தியின் பிடியால் முயற்சி செய்து பார்த்தார். எனக்கு அப்போது 19 வயது, நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம். அடி வாங்கிய முதுகுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டதே அந்தக் கூட்டாளிமார்தான். அப்புறம் யாரை விட்டு யார் பிரிவது?

தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் அறையில் 31 வருடம் வேலை செய்தவன் நான். காய்ந்த தேயிலைக்கு ஒரு குணம் உண்டு, பக்கத்தில் இருப்பதன் வாடையை அப்படியே இழுத்துக்கொள்ளும். சவர்க்காரம், மண்ணெண்ணெய் எதையும் கிட்டே விடமாட்டோம். ஒருதரம் புதுப் பையன் ஒருவன் சம்பளத்தன்று வாங்கிய நெத்தலிக் கருவாட்டை மூட்டைக்குப் பின்னால் மறைத்து வைத்துவிட்டு மறந்து போய்விட்டான். மறுநாள் அந்தத் தூளை ஊற்றிச் சுவை பார்த்த, தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! சீனாக்காரர்கள் இதே குணத்தை வைத்துத்தான் மல்லிகைத் தேயிலை செய்கிறார்கள். ராத்திரி பூவைத் தேயிலையோடு கலந்து வைப்பார்கள், பிறகு பூவை எடுத்துவிடுவார்கள். உங்கள் மகனும் வேலைவெட்டி இல்லாமல் காய்ந்து கிடக்கிறான், பக்கத்தில் இருப்பதை இழுக்கிறான்.

என்னைத் திருப்பியது காமன் கூத்து, மன்மதன் எரிந்த கதையைத் தோட்டத்தில் ஆடுவது. அந்த மாசியில் ரதி வேடம் கட்ட இருந்தவனுக்குக் கால் சுளுக்கிவிட்டது, கூத்து வாத்தியார் என்னைப் பிடித்துக்கொண்டார். காப்புக் கட்டினால் காமன் எரிகிற வரை கவிச்சியும் கூடாது, குடியும் கூடாது. என் சேலையைப் பார்த்துக் கேலி செய்யத்தான் கூட்டாளிமார் மூன்று பேரும் முதலில் வந்தார்கள். வாத்தியார் ஒருவன் கையில் தப்பு மேளத்தைக் கொடுத்தார், ஒருவன் கையில் தீப்பந்தம். மூன்றாமவனுக்குத் தகரத்தை இழுத்தது போல் குரல், அவன்தான் எமன். அதே நாலு பேர்தான், லயத்துக்குப் பின்னால் போக நேரம் இல்லாமல் போனது. எல்லோரும் திருந்திவிட்டோம் என்று பொய் சொல்ல மாட்டேன். தப்படித்தவன் சித்திரைக்குள் பழைய இடத்துக்கே போய்விட்டான்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன்களை வீட்டுக்குக் கூப்பிட்டு ரொட்டியும் கட்டச் சம்பலும் கொடுங்கள். ஆட்டோவுக்கு மாதாமாதம் லீசிங் தவணை கட்டுகிறவன் ஒருவன் அவர்களில் இருப்பான். விடிய 5 மணிக்கு எழும்புகிறவனும் அவனாகத்தான் இருப்பான். வண்டி கழுவ, டயர் மாற்ற என்று மகனை அவனோடு ஒட்டிவிடுங்கள். கணிதத்தை வெளிவாரியாகத் திரும்ப எழுதலாம், விண்ணப்பத்தை மகன் தன் கையாலேயே நிரப்பட்டும்.

பாபுல் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாயில் வருவதுதான், அதற்குப் பாக்கும் புகையிலையும் பெரிய காரணம்.

கேள்வி: தாத்தா, இந்த வயதில் உங்களுக்குக் கூட்டாளிகள் உண்டா?
- ஒரு மாணவி, பண்டாரவளை

பதில்: ஏன் இல்லை? காலையில் சந்தித் தேத்தண்ணிக் கடை பெஞ்சில் மூன்று பேர் இருப்பார்கள். மூவருமே சீனி இல்லாமல் பிளேன்டீ குடிக்கிறவர்கள். டொக்டர் பத்து வருடமாகச் சொல்லியும் நான் விடாத சீனியை, அவர்களோடு உட்கார்ந்து மூன்றே மாதத்தில் விட்டுவிட்டேன். சனிக்கிழமை அவர்கள் வருவதில்லை. அன்றைக்கு மட்டும் ரெண்டு கரண்டி.