ஒற்றைச் சக்கர சைக்கிளுக்கு ஹெல்மெட் வேண்டுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் ஆறு ஆண்டுகளாக வசிக்கிறோம். அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள், இடைவேளைகளில் தோழிகளோடு சேர்ந்து ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டப் பழகுகிறாள். இங்கு அதை ‘இச்சிரின்ஷா’ என்கிறார்கள். அந்த மைதானத்தில் ஒரு குழந்தையும் ஹெல்மெட் அணிந்து நான் பார்த்ததில்லை. நான் வாங்கிக் கொடுத்த ஹெல்மெட்டை, ‘யாருமே போடுவதில்லையே அம்மா’ என்று பைக்குள் வைத்தபடியே திருப்பிக் கொண்டுவருகிறாள். ‘சர்க்கஸில் ஹெல்மெட் போட்டுக்கொண்டா ஓட்டுகிறார்கள்?’ என்கிறார் என் கணவர். நான் வற்புறுத்த வேண்டுமா, விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, டோக்கியோ

பதில்: சகோதரிக்கு, முடிவெடுப்பதற்கு முன் ஒரு நாள் மாலை உங்கள் மகளுக்கு அருகில் நின்று பாருங்கள். அவள் எத்தனை முறை விழுகிறாள் என்று எண்ண வேண்டாம். எந்தப் பக்கம் விழுகிறாள், விழும்போது உடலில் எது முதலில் தரையைத் தொடுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். ஒற்றைச் சக்கரத்தில் பழகுகிறவர்கள் நாளொன்றுக்குப் பத்து இருபது முறை கீழே வருவது இயல்புதான். ஆனால் முன்பக்கம் விழுவதும் பின்பக்கம் விழுவதும் ஒன்றல்ல.

இந்தச் சைக்கிளில் பெடல்கள் சக்கரத்தின் அச்சோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டிருப்பதால், கால் சுழன்றால் சக்கரம் சுழலும், கால் நின்றால் சக்கரமும் நிற்கும். 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.6 மீட்டர் நகரும். நொடிக்கு ஒரு சுற்று மிதித்தாலும் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டரைத் தாண்டாது. அது விறுவிறுவென்று நடக்கிற ஒருவரின் வேகம். அந்த வேகத்தில் நிலை தவறி முன்பக்கம் சாய்கிற குழந்தை, கால்களை ஊன்றி இரண்டு மூன்று எட்டு ஓடி நின்றுவிடும். சைக்கிள் மட்டும் பின்னால் ‘படார்’ என்று விழும். முன்னால் போகிறவரை மறிக்க இதில் ஹேண்டில்பார் இல்லை என்பதும் ஒரு வசதி. ஜப்பான் 1989இல் வெளியிட்ட தொடக்கப்பள்ளிப் பாடத்திட்ட நெறிமுறைகள் இந்தச் சைக்கிளுக்கு உடற்கல்வியில் இடம் கொடுத்தன. அதன் பின், மைதானத்தின் தாழ்வான இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு குழந்தைகள் தாங்களாகவே பழகுவது அங்கு பரவலான வழக்கமாகிவிட்டது. ஆகவே உங்கள் மகளின் பள்ளியில் யாரும் ஹெல்மெட் அணியாததை அலட்சியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

என் கவலையெல்லாம் பின்பக்கமாக விழுவதைப் பற்றித்தான். உடல் பின்னால் சாய்ந்திருக்கும் நேரத்தில் கால் பெடலை முன்னோக்கி அழுத்திவிட்டால், சக்கரம் இடுப்புக்குக் கீழிருந்து நழுவி முன்னால் ஓடிவிடும். கால்கள் இரண்டும் அதனோடு சேர்ந்து போய்விடுவதால் ஊன்றுவதற்குக் கால் கிடைக்காது. பின்னோக்கி ஓட்டப் பழகிய நாட்களில், ஒரு சமுதாயக்கூடத்தின் மொசைக் தரையில் ஹெல்மெட் இல்லாமல் நான் இப்படி விழுந்திருக்கிறேன். முதலில் வால் எலும்பு, அடுத்து இரண்டு முழங்கைகள், கடைசியாகப் பின்னந்தலை என்று மூன்று அடிகளும் ஒரே நொடிக்குள் பட்டன. தலையில் பட்டது மூன்றாவது அடி என்பதால் அதன் வேகம் ஓரளவு தணிந்திருந்தது. அப்படியிருந்தும் அன்று இரவு முழுவதும் தலை கனத்துக் குமட்டலோடு படுத்திருந்தேன். அப்போது நான் ஓட்டிய வேகம் நடை வேகத்தைவிடக் குறைவு. ‘மெதுவாகத்தானே ஓட்டுகிறாள்’ என்று யாராவது சமாதானம் சொன்னால், அன்றிலிருந்து என்னால் அதை ஏற்க முடிவதில்லை.

ஏனென்றால், தலை எவ்வளவு வேகத்தில் தரையில் மோதும் என்பதைச் சைக்கிளின் வேகத்தைவிடத் தலை இருக்கும் உயரமே பெரிதும் முடிவு செய்கிறது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் பொருள், மணிக்கு ஏறத்தாழ 19.5 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். சைக்கிள், ஸ்கேட்டிங் ஹெல்மெட்டுகளுக்கான ஐரோப்பியத் தரநிலையான இஎன் 1078, ஹெல்மெட் மாட்டிய மாதிரித் தலையைத் தட்டையான இரும்புப் பரப்பில் மோதவிட்டுச் சோதிப்பதும் ஏறக்குறைய இதே வேகத்தில்தான். சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் தலை நேராகத் தரைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை மனத்தில் வைத்தே இந்தக் கவசம் செய்யப்படுகிறது. அதன் உள்ளே இருப்பது நாம் தெர்மகோல் என்று சொல்லும் அதே பொருள்தான், சற்று அடர்த்தியாக வார்க்கப்பட்டது. சிமெண்டில் மோதும் வெறுந்தலை சில மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். நடுவில் தெர்மகோல் நொறுங்கிக் கொடுத்தால், நிற்பதற்கு ஓரிரு சென்டிமீட்டர் கிடைக்கிறது. மூளை வாங்கும் அதிர்ச்சி அந்த அளவுக்குக் குறைகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் பல நாடுகளின் 40 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, 2016இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். விபத்தில் அடிபட்ட சைக்கிள்காரர்களில் ஹெல்மெட் அணிந்திருந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 69 சதவீதம் குறைவாக இருந்தது என்பதே அது. அவர்கள் கணக்கில் எடுத்தது சாதாரணச் சைக்கிள்காரர்களை. ஆனாலும் தரையில் மோதுகிற தலைக்கு எத்தனை சக்கரத்திலிருந்து விழுந்தோம் என்ற வேறுபாடு கிடையாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பள்ளி மைதானம் மண்தரையாக இருந்து, அவள் இன்னும் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னோக்கி மட்டும் ஓட்டுகிறாள் என்றால், இடைவேளையில் ஹெல்மெட்டுக்காக வற்புறுத்த வேண்டாம். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இடைவேளையில் குழந்தைகள் சைக்கிளைப் போட்டுவிட்டு அடுத்த நிமிடமே ஏணிக்கம்பிகளில் ஏறிவிடுவார்கள். ஹெல்மெட்டோடு அப்படி ஏறினால், கம்பிகளுக்கு நடுவே ஹெல்மெட் சிக்கி, தாடைக்குக் கீழுள்ள வார் கழுத்தை இறுக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. சைக்கிளை விட்டு இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றும் பழக்கம் வராத குழந்தையை, மேற்பார்வை இல்லாத இடத்தில் ஹெல்மெட்டோடு விளையாட விடுவதும் சரியல்ல. ஆனால் சிமெண்ட் அல்லது தார்த் தளத்தில் ஓட்டும்போதும், கம்பியை விட்டுத் தனியாக ஏறப் பழகும்போதும், பின்னோக்கி ஓட்டும்போதும் ஹெல்மெட் இல்லாமல் அவளை ஏற விடாதீர்கள். தோழிகள் கைகோத்து வட்டமாகச் சுற்றும் ஆட்டத்துக்கும் இதே கண்டிப்பு வேண்டும். கைகள் இரண்டும் பிடிபட்டிருக்கையில், விழும்போது ஊன்றுவதற்குக் கை இருக்காது.

ஹெல்மெட்டைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இந்தச் சைக்கிளில் தலைக்கு முன்னால் அடி வாங்குவது பெரும்பாலும் மணிக்கட்டும் முழங்காலும்தான். அதனால் உள்ளங்கையில் கெட்டியான தகடு வைத்த மணிக்கட்டுக் காப்பு ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். அதைப் பள்ளியிலும் தயங்காமல் அணியலாம். ஷூ லேஸின் நுனியைத் தினமும் உள்ளே செருகி விடுங்கள். பெடல் தண்டில் லேஸ் சுற்றிக்கொண்டால் கால் விடுபடாது. கால் விடுபடாவிட்டால் ஓடி நிற்கவும் முடியாது. தவிர, ஓட்டத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம், வேண்டுமென்றே முன்னால் சாய்ந்து இறங்கி நிற்கும் பயிற்சியைப் பத்து முறை செய்யச் சொல்லுங்கள்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். சர்க்கஸ் கலைஞர் பல ஆண்டுப் பயிற்சியோடு, மேடு பள்ளமில்லாத அரங்கத்தில், நூறு முறை செய்து பார்த்ததையே செய்து காட்டுகிறார். உங்கள் மகள் ஒவ்வொரு நாளும் அதுவரை செய்யாத ஒன்றை முயன்று பார்க்கிறாள். சர்வதேச ஒற்றைச் சக்கர சைக்கிள் கூட்டமைப்பின் போட்டிகளிலும், இசைக்கேற்ப ஓட்டிக் காட்டும் கலைப் பிரிவில் ஹெல்மெட் கட்டாயமில்லை. மலைப்பாதைப் பந்தயங்களிலும் நெடுந்தூரச் சாலைப் பந்தயங்களிலும் கட்டாயம். சட்டத்தைக் காட்டி மகளைச் சம்மதிக்கவைக்கவும் வழியில்லை. ஜப்பானில் 2023 ஏப்ரல் 1 முதல் சைக்கிள் ஓட்டும் அனைவரும் ஹெல்மெட் அணிய முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்நாட்டுச் சட்டத்தில் சைக்கிள் என்றால் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சக்கரம் உடையது.

‘யாருமே போடுவதில்லை’ என்று அவள் சொல்வதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். எட்டு வயதில் தோழிகளிடமிருந்து தனித்துத் தெரிவது உண்மையிலேயே வருத்தம் தரும். அசௌகரியமும் ஒரு காரணமாக இருக்கலாம். உச்சியில் இறுக்கிக் கட்டிய குதிரைவால் சடை ஹெல்மெட்டை நெற்றிக்குத் தள்ளிவிடும். பிடரிக்குக் கீழே தொடங்கும் இரட்டைச் சடை பின்னி விட்டால் அது தலையில் பொருந்தி உட்காரும். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலம் இடைவெளி இருக்க வேண்டும். வாரின் இரண்டு பட்டைகளும் காதுக்குக் கீழே சேர வேண்டும். வாரை மாட்டியபின் அவளை வாயை அகலத் திறக்கச் சொல்லுங்கள். அப்போது ஹெல்மெட் உச்சந்தலையை லேசாக அழுத்தினால் வார் சரியான அளவில் இருக்கிறது.

கேள்வி: எனக்கு வயது 43. ஓராண்டாக 29 அங்குல ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டுகிறேன். தினமும் அதிகாலையில் 10 கிலோமீட்டர் சாலையில் போகிறேன். இதற்குச் சட்டப்படி ஹெல்மெட் தேவையில்லை என்கிறார்கள். அணிந்தாக வேண்டும் என்றால், வீட்டிலுள்ள ஸ்கூட்டர் ஹெல்மெட்டே போதுமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு மோட்டார் சைக்கிள்களைப் பற்றியது, உங்கள் வண்டி அதில் வராது. ஆனால் நீங்கள் கட்டாயம் அணிய வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. உங்கள் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.3 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 100 சுற்று மிதித்தால் மணிக்கு 14 கிலோமீட்டர் வேகம் வரும். உட்கார்ந்த நிலையிலிருந்து கால் தரையில் பட்ட அந்தக் கணமே 14 கிலோமீட்டர் வேகத்தில் ஓட நம் வயதில் எத்தனை பேரால் முடியும்? முடியாவிட்டால் இரண்டாவது எட்டிலேயே கால் பின்னிக்கொண்டு, கையும் முகமும் தாருக்குப் போய்விடும். மேலே டோக்கியோ வாசகிக்கு நான் சொன்ன தளர்வு, ஓடி நிற்க முடிகிற வேகத்துக்கு மட்டுமே பொருந்தும். அதிகாலை இருட்டில் வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடையும், திடீரென்று குரைத்துத் துரத்தும் நாயும் உங்கள் பாதையில் இருக்கின்றன. சக்கரம் தடைபட்டால் தாங்கிக்கொள்ள முன்னால் இன்னொரு சக்கரம் உங்களுக்குக் கிடையாது.

ஸ்கூட்டர் ஹெல்மெட் வேண்டாம். அது பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். சைக்கிள் ஹெல்மெட் 300 கிராம் அளவில் கிடைக்கிறது. ஒற்றைச் சக்கரத்தில் உடலின் நிலையைத் தலையும் தோளும் சேர்ந்து ஓயாமல் திருத்திக்கொண்டே இருப்பதால், உச்சியில் ஏறும் கூடுதல் பாரம் கழுத்தைச் சோர்வடையச் செய்யும். முழுமுகக் கவசம் காதையும் மூடிவிடுவதால் பின்னால் வரும் பேருந்தின் ஓசை மங்கும், வியர்வையும் கண்ணில் இறங்கும். பின்னந்தலையில் தாழ்வாக இறங்கி மூடும் ஸ்கேட்டிங் வகை ஹெல்மெட்டை உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். நம் வண்டியில் பின்பக்கம் விழும் ஆபத்து இருப்பதால் அந்த வடிவம் பொருத்தமானது. உள்ளே ஒட்டியுள்ள தாளில் இஎன் 1078 என்றோ, அமெரிக்கத் தரநிலையான சிபிஎஸ்சி என்றோ அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: போன மாதம் பின்னோக்கி ஓட்டும்போது விழுந்தேன். ஹெல்மெட் அணிந்திருந்ததால் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹெல்மெட்டின் வெளிப்புறத்தில் ஒரு கீறல் மட்டும் இருக்கிறது. நான் புதிதாக வாங்கிக்கொண்டு, இதைப் பழகத் தொடங்கியிருக்கும் என் தம்பிக்குக் கொடுக்கலாமா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: கொடுக்கக் கூடாது, தம்பி. தெர்மகோல் ஒருமுறை நசுங்கினால் பழைய நிலைக்கு மீளாது. மேலே உள்ள பிளாஸ்டிக் ஓடு மட்டும் நிமிர்ந்து நின்று, உள்ளே ஒன்றும் ஆகாதது போலக் காட்டும். உள்ளே ஒட்டியிருக்கும் பஞ்சுப் பட்டைகளைப் பிரித்து, கைப்பேசி விளக்கை அடித்துப் பாருங்கள். கீறலுக்கு நேர் உள்ளே மயிரிழை போன்ற வெடிப்போ, விரலால் அழுத்தினால் மற்ற இடத்தைவிடக் குழைகிற பகுதியோ தென்படலாம். ஒன்றும் தென்படாவிட்டாலும், தலையோடு சேர்ந்து தரையில் மோதிய ஹெல்மெட்டின் பணி முடிந்துவிட்டது. இனி இப்படி அடிபட்டால், ஹெல்மெட் அணிந்திருந்தாலும் ஒரு நாள் முழுவதும் உங்களைக் கவனித்துக்கொள்ளும்படி வீட்டாரிடம் சொல்லுங்கள். தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வாந்தி, தடுமாற்றம், அளவுக்கு மீறிய தூக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தம்பிக்குச் சிறிய அளவில் புதிதாக ஒன்று வாங்குங்கள். பழையதைக் குப்பையில் போடும் முன் அதன் வாரைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நல்ல ஹெல்மெட் என்று எண்ணி வேறொரு பிள்ளை அதை எடுத்து மாட்டிக்கொள்ளக்கூடும்.