வேலூர் கல்லறைத் தோட்டத்தில் ராணுவ நினைவிடம் ஏன்?

கோட்டைக்கு வெளியே உள்ள பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் ராணுவ நினைவிடம் எப்படி வந்தது என்று பலரும் கேட்கிறார்கள். போரிலோ கலகத்திலோ இறந்த வீரர்களைச் சேர்த்து நினைவுகூர எழுப்புவதே ராணுவ நினைவிடம்.

காரணம் 1806 ஜூலை 10 விடியற்காலை நடந்த வேலூர் சிப்பாய்க் கலகம். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி வைக்கக் கூடாது, புதுவகைத் தலைப்பாகையைக் கட்ட வேண்டும் என்று ஆங்கிலேயர் படையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு அதற்கு முன்பே உத்தரவு வந்திருந்தது. அதில் தோல் குஞ்சம் வேறு! இந்து, முஸ்லிம் இருவரையுமே அது புண்படுத்தியது. அதனால் அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கோட்டைக்குள் ஆங்கிலேயரின் 69ஆம் படைப்பிரிவில் 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் உறக்கத்திலேயே. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பியின் குதிரைப்படை வந்து கோட்டையை மீட்டது. அப்புறம் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

நம் வட ஆற்காட்டு நடுகல்லும் இதே வேலையைத்தான் செய்கிறது, சண்டையில் விழுந்தவனுக்கு ஊர் வைக்கும் கல்.

இந்த ராணுவ நினைவிடம் சிப்பாய்களுடையது என்று பலர் நினைக்கிறார்கள். கல்லறைத் தோட்டத்தில் இருப்பது 69ஆம் படைப்பிரிவினருக்கானது, சிப்பாய்களுக்கான தூண் மக்கான் சந்திப்பில் நிற்கிறது.